தேடாமல் மாட்டிய திருடன்!

ஜூலை 28 என்ன நாள், சொல்லுங்க பார்ப்போம்? காலண்டரைப் புரட்டாதீங்க, அரசு விடுமுறை எல்லாம் கிடையாது. அது உலக ஹெபடைடிஸ் தினம். அதாவது, கல்லீரல் அழற்சி நோய்களுக்கான நாள். எதுக்கு குறிப்பா அந்தத் தேதி? அன்னிக்கு ஒரு மனுஷனோட பர்த்டே! 'ஹெபடைடிஸ் பி' வைரஸைக் கண்டுபிடிச்சு, அதுக்குத் தடுப்பூசி போட வழியும் சொன்ன டாக்டர் பரூக் பிளம்பெர்க், 1925 ஜூலை 28 அன்னிக்கு நியூயார்க் புரூக்ளினில் பிறந்தார்.

இதுல செம மேட்டர் என்ன தெரியுமா? இவர் அந்த வைரஸைத் தேடவே இல்லை. தேடினது வேற, கிடைச்சது வேற. 'பிராஜக்ட்ல நினைச்ச அவுட்புட் வரலையே'னு மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த வாரம் உங்களுக்குத்தான்!

கணக்கு டு கத்தி

பிளம்பெர்க்கோட அப்பா வக்கீல். பையன் படிச்சது ஃபார் ராக்அவே ஹைஸ்கூல். இயற்பியல் ஜாம்பவான் ரிச்சர்ட் ஃபெயின்மேன் படிச்ச அதே பள்ளிக்கூடம்! இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, துருப்புகளைக் கரை இறக்குற கப்பலுக்குத் தலைவரா இருந்தார். 1946-ல் இயற்பியலில் டிகிரி. அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் மேல்படிப்பு. 'டாக்டருக்குப் படியேன்டா'னு அப்பா எடுத்துச் சொல்ல, டிராக் மாறி மெடிக்கல் பக்கம் போயிட்டார். 1951-ல் டாக்டர் பட்டம். நம்ம ஊர்ல அப்பா சொல்லித்தான் எல்லாரும் இன்ஜினீயரிங் சேர்றாங்கனு புலம்புறோம். புரூக்ளின்லயும் அதே கதைதான் போல!

மெடிக்கல் படிக்கும்போதே, தென் அமெரிக்காவில் இருக்கிற சுரினாம் நாட்டுக்கு சில மாதங்கள் போனார். மோயெங்கோங்கிற சுரங்க ஊர். சுத்திலும் காடு. அங்கே ஆப்பிரிக்க வம்சாவளி, ஜாவாக்காரர்கள், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள், சீனர்கள்னு பல இன மக்கள் பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்தாங்க. யானைக்கால் நோயைப் பரப்புற கொசு எல்லாரையும்தான் கடிக்குது. ஆனா, நோய் மட்டும் எல்லாரையும் ஒரே மாதிரி பிடிக்கலை. ஒரு கூட்டத்துக்கு அதிகம், இன்னொரு கூட்டத்துக்குக் குறைவு.

'அதே கொசு, அதே ஊர்... ஏன் ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலை?' இந்தக் கேள்வி மனுஷனை விடலை. அடுத்த இருபது வருஷமும் இதே கேள்விதான் அவரை ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போச்சு. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் பயோகெமிஸ்ட்ரியில் முனைவர் பட்டம் வாங்கினார். 1957-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நைஜீரியா தொடங்கி பல நாட்டு மக்களோட ரத்த மாதிரிகளைச் சேகரிச்சு, ஃப்ரீஸர்ல வைக்க ஆரம்பிச்சார். மனுஷங்களோட ரத்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் எப்படி வித்தியாசப்படுது, அதனால நோய் வர்ற வாய்ப்பு மாறுமாங்கிறதுதான் ஆராய்ச்சி. வைரஸுங்கிற வார்த்தையே அதுல கிடையாது!

ஒரே ஒரு கோடு

இங்கேதான் அவரோட ஐடியாவைக் கவனிக்கணும். அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிற நோயாளிகள் இருக்காங்க இல்லையா? அவங்க உடம்புக்குள்ள பல பேரோட ரத்தம் போகுது. தன்னோடதா இல்லாத புரதம் ஏதாவது உள்ளே வந்தா, உடம்பு அதை எதிர்த்து ஆன்ட்டிபாடி தயாரிக்கும். அப்போ, அந்த நோயாளியோட ரத்தம்தான் வித்தியாசமான புரதங்களைப் பிடிச்சுத் தர்ற தூண்டில்!

சோதனை ரொம்ப சிம்பிள். கண்ணாடித் தகட்டில் ஜெல்லி மாதிரி ஒரு படலம். நடுவுல ஒரு குழி, சுத்தி சில குழிகள். நடுக்குழியில் ரத்தம் நிறைய ஏத்திக்கிட்டவரோட சீரம், சுத்துக் குழிகளில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த சீரம். ரெண்டும் ஜெல்லிக்குள்ள மெதுவா பரவும். ஆன்ட்டிபாடியும் அது தேடுற பொருளும் சந்திச்சா, அந்த இடத்துல வெள்ளையா ஒரு கோடு விழும். அவ்வளவுதான்! இன்னிக்கு லட்சங்கள்ல விலை சொல்ற மெஷின் எதுவும் இல்லை.

1963. நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபிலியா நோயாளி ஒருத்தரோட சீரத்தை நடுக்குழியில் விட்டாங்க. ஹீமோஃபிலியான்னா ரத்தம் உறையாத நோய், அதனால அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்டவர். சுத்தியிருந்த சீரங்கள்ல ஒண்ணே ஒண்ணோடதான் கோடு விழுந்துச்சு. அது யாரோடது? ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோடது!

வழக்கமா விழுற கோடுகள் கொழுப்புக்கான சாயத்தை நல்லா ஏத்துக்கும். இது ஏத்துக்கலை. புரதத்துக்கான சாயம் ஊத்தினா, சிவப்பா நின்னுச்சு. ஆக, ஏற்கெனவே தெரிஞ்ச ஆசாமி இல்லை, புது ஆசாமி. நியூயார்க்காரருக்கும் பூமியின் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் என்ன சம்பந்தம்? தெரியாது. 'ஆஸ்திரேலியா ஆன்ட்டிஜென்'னு பேர் வெச்சாங்க. 1965-ல் கட்டுரை வந்தது. கூட உழைச்சவர் ஹார்வி ஆல்டர்ங்கிற இளம் டாக்டர். இந்தப் பேரை மறந்துடாதீங்க, கடைசியில் திரும்ப வருவார்.

தப்பான தியரி, சரியான ரூட்

சும்மா விட்டுடலாம்தான். 'ஏதோ ஒரு கோடு, எரர்னு எழுதிடு'னு தாண்டிப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நம்ம லேப் ரெக்கார்டுல நாம எத்தனை கோடுகளை ரப்பர் போட்டு அழிச்சிருக்கோம்! பிளம்பெர்க் அழிக்கலை. ஃப்ரீஸர்ல இருந்த ஆயிரக்கணக்கான சீரங்களை எடுத்து, 'இந்தப் பொருள் வேற யார்கிட்ட எல்லாம் இருக்கு?'னு தேட ஆரம்பிச்சார்.

ஆரோக்கியமான அமெரிக்கர்கள்கிட்ட ரொம்ப அபூர்வம். ஆசியா, ஆப்பிரிக்காவில் சில மக்கள்கிட்ட சகஜம். ரத்தப் புற்றுநோயாளிகள்கிட்டயும் நிறைய. உடனே ஒரு தியரி: 'இது பரம்பரையா வர்ற ஒரு புரதம். இது இருக்கிறவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு அதிகம்.' தியரியை எப்படி சோதிக்கிறது? டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு அதிகம்னு ஏற்கெனவே தெரியும். அப்போ அவங்க ரத்தத்துல இது நிறைய இருக்கணும். போய்ப் பார்த்தாங்க. இருந்துச்சு! தியரி பாஸ்!

ஆனா, பாஸ் ஆனதும் மனுஷன் கொண்டாடிட்டுப் போயிடலை. பெரிய விடுதிகளில் நெருக்கமா தங்கியிருந்தவங்ககிட்ட அதிகமா இருந்தது, பிறந்த குழந்தைகள்கிட்ட இல்லவே இல்லை. பரம்பரைன்னா பிறக்கும்போதே இருக்கணுமே? இது இடிச்சது. 1964-லேயே பிலடெல்பியாவின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாறியிருந்த பிளம்பெர்க் டீம், அதே ஆட்களைத் திரும்பத் திரும்ப சோதிச்சது. பெரும்பாலும் ரிசல்ட் மாறலை. இருந்தவருக்கு இருந்தது, இல்லாதவருக்கு இல்லை. 1966-ல் ஒரே ஒருத்தருக்கு மட்டும் மாறுச்சு! முதல்ல 'இல்லை'னு வந்தவருக்கு இப்போ 'இருக்கு'. ஜீன் இப்படித் திடீர்னு நடுவுல முளைக்காதே! அவரை முழுசா பரிசோதிச்சாங்க. கல்லீரல் பாதிச்சிருந்தது. மஞ்சள் காமாலை வரவழைக்கிற அதே ஹெபடைடிஸ்.

அடுத்த வருஷம் இன்னும் ஒரு ஷாக். லேப்ல இதே சீரங்களைக் கையாண்ட இளம்பெண் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, ஒரே சோர்வு. தன் ரத்தத்தைத் தானே சோதிச்சுப் பார்த்தார். மங்கலா ஒரு கோடு! அவருக்கு ஹெபடைடிஸ். நல்லவேளை, முழுசா குணமானார். கோடு சொல்லித்தான் நோயே தெரிஞ்சது. அப்போ அந்தக் 'கோடு' பரம்பரைச் சொத்து இல்லை, ஒரு வைரஸோட அடையாள அட்டை!

உலகம் கை தட்டுச்சா? ம்ஹூம். 'ஹெபடைடிஸ் வைரஸைப் பிடிச்சுட்டேன்'னு அதுக்கு முன்னாடி பல பேர் கிளம்பி பல்பு வாங்கியிருந்ததால, இவங்களோட ஒரு கட்டுரையைத் திருப்பியே அனுப்பிட்டாங்க. டோக்கியோவில் ஒரு குழு, நியூயார்க்கில் இன்னொரு குழு தனித்தனியா சோதிச்சு 'ஆமாம், கரெக்ட்'னு சொன்ன பிறகுதான் நம்பினாங்க. 1970-களின் தொடக்கத்திலேயே, தானமா வர்ற ரத்தத்தை இந்தச் சோதனை செஞ்சு பார்க்கிற வழக்கம் அமெரிக்காவில் வந்துடுச்சு. அதுவரைக்கும் உயிரைக் காப்பாத்த ஏத்தின ரத்தமே எத்தனையோ பேருக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கு.

காலி டப்பா தடுப்பூசி

அடுத்து தடுப்பூசி. வழக்கமா வைரஸை லேப்ல வளர்த்து, கொன்னு அல்லது பலவீனப்படுத்தித்தான் ஊசி தயாரிப்பாங்க. ஆனா, இந்த வைரஸ் லேப்ல வளரவே மாட்டேன்னு அடம் பிடிச்சது. பிளம்பெர்க்கும் இர்விங் மில்மேனும் வேற மாதிரி யோசிச்சாங்க. இந்த வைரஸுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. தேவைக்கு மேல எக்கச்சக்கமா வெளி உறையை மட்டும் தயாரிச்சு ரத்தத்துல விட்டுடும். பார்சல் டப்பா இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. அந்தக் காலி டப்பாக்களை ரத்தத்திலிருந்து பிரிச்சு எடுத்து ஊசியா போட்டா? நோய் வராது. ஆனா, உடம்பு டப்பாவை அடையாளம் கத்துக்கும். நிஜ பார்சல் வரும்போது வாசல்லயே மடக்கும்!

1969-ல் இதுக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டாங்க. மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்லமேன் அதைத் தயாரிப்பு நிலைக்குக் கொண்டுவந்தார். நியூயார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களிடம் சோதிச்சு, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. 1986-ல் மனித ரத்தமே தேவைப்படாம, ஈஸ்ட் செல்களை வெச்சு அந்த உறையைத் தயாரிக்கிற முறை வந்துடுச்சு. நடுவுல 1976-லேயே நம்மாளுக்கு நோபல் பரிசு!

'ஊசி போட்டா மஞ்சள் காமாலை வராது, அவ்வளவுதானே?'னு சாதாரணமா நினைக்காதீங்க. இந்த வைரஸ் பல வருஷம் சத்தமில்லாம கல்லீரல்ல குடியிருந்து, புற்றுநோயா வெடிக்கும். தைவான் 1984-ல் பச்சைக் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பிச்சது. பத்து வருஷத்துல 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கு வர்ற கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியா குறைஞ்சுடுச்சு. யோசிச்சுப் பாருங்க... ஒரு ஊசி போட்டு புற்றுநோயைத் தடுத்த கதை இது!

இந்தியாவில் இந்த ஊசியோட விலையை உடைச்சவர் யார் தெரியுமா? ஒரு இன்ஜினீயர்! வரப்பிரசாத் ரெட்டி ஆரம்பிச்ச ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் இந்தியாவிலேயே தயாரிச்சு இறக்கினதும், இறக்குமதி ஊசியோட விலை மளமளன்னு சரிஞ்சது. நம்ம ஜாதிக்கு ஒரு கைதட்டல்!

கீழாநெல்லியும் நோபல் விஞ்ஞானியும்

மஞ்சள் காமாலைன்னதும் நம்ம பாட்டிகள் என்ன செய்வாங்க? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து கொடுப்பாங்க. இதை நோபல் விஞ்ஞானி கிண்டல் அடிக்கலை, சோதிச்சார்! சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவோட பிளம்பெர்க் கை கோத்தார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தாரே, அதே தியாகராஜன்தான். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வைரஸை நிரந்தரமா சுமக்கிறவங்கள்ல கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த ஆன்ட்டிஜென் மறைஞ்சு போச்சு. வெத்து மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்குத்தான் மறைஞ்சது.

சூப்பர்தானே? ஆனா, கதை அங்கே முடியலை. 1990-ல் தாய்லாந்தில் செஞ்சு பார்த்தப்ப அந்தப் பலன் வரலை. பிறகு நடந்த ஆய்வுகளை எல்லாம் அலசினவங்களும் 2011-ல் 'நம்பும்படியான ஆதாரம் இல்லை'னு சொல்லிட்டாங்க. அப்போ பாட்டி வைத்தியத்துல குணமானவங்க? மஞ்சள் காமாலையில் பல வகை உண்டு. தண்ணி, சாப்பாடு மூலமா வர்ற 'ஏ', 'இ' வகைகள் பெரும்பாலும் தானாவே சரியாகும். பெரியவங்களுக்கு வர்ற 'பி'யும் பெரும்பாலும் உடம்பாலேயே விரட்டப்படும். நடுவுல சாப்பிட்ட கீரைக்குப் பேர் போயிடும்! வெத்து மாத்திரைக் குழுவை ஏன் வைக்கிறாங்கன்னு இப்போ புரியுதா? பாட்டியை மதிக்கிறதுங்கிறது கண்ணை மூடிக்கிட்டு நம்புறது இல்லை. அவங்க சொன்னதை சீரியஸா எடுத்துச் சோதிச்சுப் பார்க்கிறது.

தட்டைத் தனியா வெச்ச கதை

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். எங்க காலேஜ்ல ரத்த தான முகாம் நடந்துச்சு. சில வாரம் கழிச்சு ஒரு சீனியர் அண்ணனுக்கு ரத்த வங்கியிலிருந்து போன். போனா, 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்'. அவருக்கு ஒரு தலைவலிகூட இல்லை. கிரிக்கெட் டீம்ல ஓப்பனிங் பவுலர் வேற! விஷயம் ஹாஸ்டல்ல கசிஞ்சுது. மெஸ்ல அவர் தட்டைத் தனியா வெச்சாங்க. பக்கத்துல உட்கார்ந்தவன் எழுந்து போனான். ரூம்மேட் பெட்ஷீட்டைச் சுருட்டிக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் அண்ணன் மெஸ்ஸுக்கே வரலை, ரூம்லயே பிரெட்டும் வாழைப்பழமும்தான். கேம்பஸ் இன்டர்வியூ நேரம் வேற. வளைகுடா வேலைக்கான மெடிக்கல்ல இந்த டெஸ்ட் உண்டுங்கிறதால, துபாய்க் கனவையும் மடிச்சு வெச்சார்.

ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிக்கிறேன். சேர்ந்து சாப்பிட்டா, ஒரே தட்டுல கை போட்டா, கட்டிப்பிடிச்சா, இருமினா இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து குழந்தைக்கு... இதுதான் ரூட். பிறக்கும்போது தொத்திக்கிட்டா பத்துல ஒன்பது குழந்தைகளுக்கு நிரந்தரமா தங்கிடும். பெரியவங்களுக்கு வந்தா, நூத்துல அஞ்சு பேருக்கும் கீழேதான் தங்கும். அந்த அண்ணனுக்கும் பிறப்பிலேயே வந்திருக்கலாம்னுதான் டாக்டர் சொன்னார். அவர் செஞ்ச தப்பு என்ன? ரத்தம் கொடுக்கப் போனதா? அவர் வீட்டுல எல்லாரும் டெஸ்ட் செஞ்சாங்க. தங்கச்சிக்கு வைரஸ் இல்லை, உடனே ஊசி போட்டாச்சு. அவர் ரத்தம் கொடுக்கப் போனதால தங்கச்சி தப்பிச்சா. தட்டைத் தனியா வெச்சதால ஹாஸ்டல்ல யாரும் தப்பிக்கலை.

2022 கணக்குப்படி உலகத்துல 25 கோடிக்கும் மேற்பட்டவங்க இந்த வைரஸைச் சுமக்கிறாங்க. இந்தியாவில் மட்டும் கிட்டத்தட்ட 3 கோடி. அந்த ஒரே வருஷத்துல உலகம் முழுக்க 11 லட்சம் பேர் 'பி'யால இறந்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊசி வந்து நாற்பது வருஷத்துக்கு அப்புறமும்!

கடைசியா நம்ம ஹீரோ. அறுபது வயசுக்கு மேல ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியின் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் அமெரிக்கர். எழுபத்து மூணு வயசுல 'வேற கிரகத்துல உயிர் இருக்கா?'னு தேடுற நாசா நிறுவனத்துக்கு இயக்குநர்! 2011 ஏப்ரல் 5, கலிஃபோர்னியாவில் ஒரு மாநாட்டில் பேசி முடிச்ச சற்று நேரத்தில் காலமானார். வயசு 85. ஹார்வி ஆல்டர் ஞாபகம் இருக்கா? 'ஏ'யும் இல்லாம 'பி'யும் இல்லாம ரத்தம் மூலமா பரவின இன்னொரு ஹெபடைடிஸைத் துரத்திக்கிட்டே இருந்தார். 'ஹெபடைடிஸ் சி'க்காக 2020-ல் அவருக்கும் நோபல்!

எல்லாம் ஆரம்பிச்சது ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரோட சில சொட்டு ரத்தத்துல. அவர் பேரை நோபல் பட்டியல்ல தேடாதீங்க, இருக்காது.

உங்க செக் லிஸ்ட்!

* நாட்டு மக்கள் எல்லாருக்குமான தடுப்பூசித் திட்டத்துல இந்த ஊசி இந்தியா முழுக்க வந்தது 2011-ல்தான். அதுக்கு முன்னாடி பிறந்தவரா? உங்களுக்குப் போடாம விட்டிருக்க வாய்ப்பு உண்டு. இன்னிக்கே அம்மாகிட்ட தடுப்பூசி அட்டையைக் கேளுங்க.

* போடலைன்னா டாக்டரைப் பாருங்க. பெரியவங்களுக்கு வழக்கமா மூணு ஊசி: இன்னிக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறு மாசம் கழிச்சு. மூணாவதை மறக்கிறவங்கதான் அதிகம், செல்லுல ரிமைண்டர் போடுங்க!

* சலூன்ல புது பிளேடு கேளுங்க. டாட்டூ, காது குத்தல்னா ஊசி உங்க கண் முன்னாடி பிரிக்கப்படணும். உடம்புக்கு வெளியே 7 நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கிற வைரஸ் இது.

* பாசிட்டிவ்னு வந்தா உலகம் முடிஞ்சுடலை. 2018-ல் தொடங்கின தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள்ல டெஸ்ட், மருந்து இலவசம். எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனா, டாக்டர் சொல்ற இடைவெளியில செக்கப் கட்டாயம்.

* பாசிட்டிவ் ஆன ஃப்ரெண்டுக்கு மெஸ்ல பக்கத்து சீட்டைப் பிடிச்சு வைங்க. அதுக்கு நோபல் தரமாட்டாங்க, பரவாயில்லை!

அடுத்த வாரம் வேற ஒரு 'லேப்' ஆசாமியோட சந்திப்போம். பை!